கடலுக்குப் போன கோல் கம்பம்

தாழைத்தீவு றெக்சன் குரூஸ் அடித்த பெனால்ட்டி பந்து, இரட்டைமணல் ஊரின் கோல் கம்பத்தில் குறுக்குச் சட்டத்தை முட்டி, நேரே வானத்துக்கு ஏறி, தென்னை உயரம் தாண்டி, மாதாகோயில் கொடிமர உயரமும் தாண்டி, போனது போனதுதான் என்று கீழே இறங்காமல் நின்றுவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊரில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, ஆத்திரம்தான் பட்டார்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் எதையெல்லாமோ பார்த்தவர்கள். மீன் மழை பெய்ததைப் பார்த்திருக்கிறார்கள், கடல் உள்வாங்கியதைப் பார்த்திருக்கிறார்கள், எலெக்ஷன் முடிந்த பிறகும் வந்து கும்பிட்ட எம்.எல்.ஏ.யைக்கூட ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள். இறங்காத ஒரு பந்து அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. இறங்கி, தங்கள் கோலுக்குள் விழாமல் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் வருத்தம்.

முக்கடல் கோப்பை என்பது இந்தியா, இலங்கை, மாலத்தீவு என்று ஒரே உப்பைத் தின்னுகிற மூன்று நாட்டுக் கரையோரக் கழகங்கள் ஆண்டுக்கு ஒரு முறை மோதிக்கொள்ளும் கோப்பை. அது இரட்டைமணலுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. இந்த வருடம் இறுதி ஆட்டம் சொந்த மணலிலேயே நடந்தது, ஒரு கோல் முன்னாலும் இருந்தார்கள். ஆட்டம் சமமாக முடிந்தால் போன வருடம் வென்றவர்களிடமே கோப்பை தங்கும் என்பது விதி, போன வருடம் வென்றவர்கள் இலங்கையின் தாழைத்தீவுக்காரர்கள். நேரம் முடிந்த பிறகு கிடைத்த அந்த ஒற்றைப் பெனால்ட்டியில்தான் எல்லாம் தொங்கியது, தொங்கியது என்றால் இப்போது நிஜமாகவே வானத்தில் தொங்கியது.

நடுவர் மாலத்தீவுக்காரர், ஹுசைன் தீதி. நோயாளித் தாயோடு திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்ததில் தமிழும் மலையாளமும் குழைத்து ஒரு பாஷை பேசுவார். அவர் கழுத்தை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பந்து நின்னிட்டில்ல. சுத்துது. வெளிய போயிட்டில்ல. அப்போ கிக் முடிஞ்சிட்டில்ல. விசில் இல்ல."

"அப்ப நான்?" என்று கேட்டான் கோல் காத்து நின்ற ரெமிஜியுஸ்.

"நீ அங்க நில்லு. கோலை விட்டு இறங்கினா, தோத்து."

ரெமிஜியுஸின் பெண்டாட்டி டெல்பின் கூட்டத்தில் நின்று இதைக் கேட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மரச்சீனிக் கிழங்கையும் சாளைக் குழம்பையும் இரண்டு பாத்திரத்தில் எடுத்தாள். ஒன்று கோல் கம்பத்துக்கு. மற்றது வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளிக்கு. கோப்பைக்கு வரும் எதிராளிகளை லாட்ஜில் விடுவது இரட்டைமணலில் வழக்கமில்லை, யாருக்கு எதிரே யார் நிற்கிறானோ அவன் வீட்டில்தான் அவனுக்குச் சோறு. தாழைத்தீவின் கோலடிக்கிறவன் இரட்டைமணலின் கோல்காரன் வீட்டில் தின்ன வேண்டும். ஆகவே தன் புருஷனைத் தோற்கடிக்க வந்த றெக்சனுக்குக் குழம்பில் பெரிய மீனாகப் பொறுக்கி வைத்ததும் டெல்பின்தான். விருந்தாளிக்குச் சின்ன மீன் வைத்தாள் என்று ஊர் சொல்லிவிட்டால் அது கோப்பையைத் தோற்பதைவிடக் கேவலம்.

இப்படியாகப் பந்து மேலே தங்கியது, ஊர் அதற்குக் கீழே தன் பிழைப்பை நகர்த்திவைத்துக்கொண்டது. ரெமிஜியுஸுக்குக் கோல் கோட்டின்மேல் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டார்கள், குறுக்குச் சட்டத்திலிருந்து கொசுவலையைத் தொங்கவிட்டார்கள், முடிவெட்டுகிறவர் கம்பத்தில் கண்ணாடியை மாட்டி அங்கேயே முகம் மழித்துவிட்டார், பங்குச் சாமியார் வலைக்குப் பின்னால் முழங்காலிட்டு அவனிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டார். பெனால்ட்டி புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை முளைத்தது. பந்தின் நிழல் மைதானத்தில் நகர்வதைப் பார்த்துப் பெண்கள் உலை வைத்தார்கள். நிழல் படுகிற இடத்தில் குழந்தையைக் கிடத்தினால் நன்றாகத் தூங்கும் என்று யாரோ சொல்ல, அந்த நிழலுக்காகத் தாய்மார்களுக்குள் சண்டை வந்து, சண்டையைத் தீர்க்கக் கமிட்டி கூடியது. தாழைத்தீவுப் பையன்கள் தங்கிய வீடுகளிலேயே கிழிந்த வலை பொத்தினார்கள், பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுத்தார்கள், இரண்டு பேர் பெண் கேட்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். தினமும் காலையில் ஹுசைன் தீதி பைனாகுலரை எடுத்துப் பந்தைப் பார்ப்பார். சுற்றுகிறதா என்று ஊர் மூச்சைப் பிடித்து நிற்கும். "சுத்துது," என்பார். ஊர் மூச்சை விடும்.

எல்லாம் சரிதான், வள்ளங்கள் மட்டும் கரையில் கிடந்தன. அதுதான் இந்தக் கதையின் முள். இரட்டைமணலில் ஓர் ஊர்க்கட்டு உண்டு: இறுதி ஆட்டத்தின் முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை எந்த வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது. முன்னொரு காலத்தில் இறுதி ஆட்டம் நடக்கும்போது கரைக்குப் பக்கத்திலேயே ஒரு வள்ளம் கவிழ்ந்து, கவிழ்ந்தவர்கள் கத்தியது ஆட்டத்தின் கூச்சலில் ஒருவருக்கும் கேட்காமல், ஆட்டம் முடிந்து ஊர் கடற்கரைக்குத் திரும்பியபோது பிணங்கள் ஒதுங்கியிருந்தன. அன்றைக்குக் கோயில் வாசலில் சத்தியம் செய்து போட்ட கட்டு. ஆட்டம் நடக்கும்போது ஒருவனும் கடலில் இருக்கக் கூடாது என்று போட்ட கட்டு.

ஆனால் ஒருவன் கடலில் இருந்தான். டெல்பினின் தம்பி அலோசியுஸ்.

போன வருடம்வரை அவன்தான் கோல்காரன். இந்த வருடம் கமிட்டி அவனை ஒதுக்கிவிட்டு அக்காள் புருஷனைக் கோலில் நிறுத்தியது. அலோசியுஸ் சண்டை போட்டான், வீட்டு வாசலில் நின்று அத்தனை பேர் கேட்க, "மச்சான், நீரு மட்டும் அந்தப் பந்தைப் பிடிச்சா நான் இந்தக் கடலைக் குடிக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அதற்கு ரெமிஜியுஸ், "போறவன் போவட்டு, ஒரு தொல்லை குறையும்" என்றான். கோபம் வந்தால் அலோசியுஸ் வேறு துறையில் கரைபிடித்து, சிநேகிதன் வீட்டில் கிடந்து, கோபம் ஆறி வருகிறவன். அதனால் முதலில் டெல்பினும் பதறவில்லை. வியாழக்கிழமைதான் அயலூர் விசைப்படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள், தெற்கே வெகுதூரத்தில் எஞ்சின் நின்ற ஒரு வள்ளம் ஒழுக்கில், நீரோட்டம் இழுத்த பக்கம், போவதைப் பார்த்தோம், கிட்டப் போவதற்குள் மழை மூடிவிட்டது, வள்ளத்தின் மூக்கில் மஞ்சள் பெயிண்டு என்று. மஞ்சள் பெயிண்டை அடித்தது டெல்பின்தான்.

அரசாங்கத்துக்குச் சொன்னார்கள், ஹெலிகாப்டர் ஒன்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. கடலில் ஒரு வள்ளத்தை மேலேயிருந்து தேடுவது மணலில் கடுகு தேடுவது. ஒழுக்கு தெரிந்தவன் கீழேயிருந்துதான் தேட வேண்டும். ஒழுக்கு தெரிந்தவர்களெல்லாம் கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெல்பின் மைதானத்துக்கு ஓடினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ரெமிஜியுஸ் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான்.

"இறங்கி வாருங்க."

"பிள்ளே..."

"ஒரே ஒரு எட்டு. அந்தக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கால வையுங்க. ஆட்டம் முடிஞ்சிரும். வள்ளமெல்லாம் இறங்கும். எனக்க தம்பி தண்ணியில்லாமச் சாவான்."

ரெமிஜியுஸ் கோட்டைப் பார்த்தான். கோட்டுக்கு அப்பால் ஊர் நின்றது, கமிட்டித் தலைவர் கித்தேரியான் முன்னால் நின்றார். கித்தேரியான் கெட்டவரல்ல. இருபது வயதில் இதே கோப்பைக்காகக் காலை உடைத்துக்கொண்டு இன்றுவரை நொண்டுகிறவர்.

"ரெமிஜி," என்றார் அவர், "ஒனக்க மச்சினன் ஊருமேல கோபத்தில போனவன். அவனுக்காக ஊர் தோக்கணுமா? நாளைக்கே பந்து இறங்கும். ஒரு நாள் பொறு."

"கடலு பொறுக்குமா?" என்று டெல்பின் அவர் பக்கம் திரும்பினாள்.

ரெமிஜியுஸின் கால் தூக்கியது தூக்கியபடி நின்று, பழைய இடத்திலேயே திரும்ப வந்தது. "ஒரு நாள் பாப்போம் பிள்ளே," என்று அவன் சொன்னபோது அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவன் ஊருக்கு மட்டும் பயப்படவில்லை. தான் தோற்று அலோசியுஸைக் காப்பாற்றினால் அவன் கரையில் இறங்கியதும் முதல் வேலையாகச் சிரிப்பான் என்ற நினைப்பு முள்ளாகக் குத்தியது. ஆண்பிள்ளைகளின் ரோஷம் அந்த அளவுக்குத்தான் அறிவுள்ளது.

அன்றைக்கு டெல்பின் கோலுக்குச் சோறு கொண்டுபோகவில்லை. சோற்றைக் கட்டி றெக்சன் கையில் கொடுத்தாள். கோலடிக்க வந்தவன் கோல்காரனுக்குச் சோறு கொண்டுபோவதை ஊரே வேடிக்கை பார்த்தது. றெக்சன் பாத்திரத்தைக் கோட்டில் வைத்துவிட்டு எதிரே மணலில் சம்மணமிட்டான்.

"அண்ணை, அக்கா சாப்பிடேல்ல. நீங்கள் சாப்பிடுங்கோ."

ரெமிஜியுஸ் பாத்திரத்தைத் தொடவில்லை.

"என்ர அப்பாவும் உப்பிடித்தான் ஒழுக்கில போனவர்," என்றான் றெக்சன். "நாங்கள் கரையில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தனாங்கள். அப்ப எங்களைக் கடலுக்குள்ள இறங்க விடேல்ல. ஆர் விடேல்ல எண்டு இப்ப கதைச்சு என்ன. இப்பவும் சாப்பாட்டுக்கு இருக்கேக்க அம்மா வாசலைப் பாப்பா."

அவன் எழுந்து போன பிறகு ரெமிஜியுஸ் வெகுநேரம் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பசி எடுத்தது, சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஹுசைன் தீதி "சுத்துது" என்று சொன்னதும் ஊர் மூச்சை விடுவதற்குள் டெல்பின் மைதானத்தின் நடுவில் வந்து நின்றாள். தலை சீவாமல், கண்கள் வீங்கி, ஆனால் குரல் நடுங்காமல்.

"ஆட்டம் முடியுமுன்ன வள்ளம் இறங்கக் கூடாது. சத்தியம். நான் மீறச் சொல்லல்ல. ஆட்டமே வள்ளத்தில இறங்குனா?"

ஒருவருக்கும் புரியவில்லை.

"ரெண்டு வள்ளத்தைச் சேத்துக் கட்டுங்க. மேல பலகை போடுங்க. கோல் கம்பத்தைப் பிடுங்கிப் பலகையில நடுங்க. இவரு கோல்ல நிக்கட்டு. பந்தடிச்சவன் முன்னால நிக்கட்டு. நடுவர் ஐயா விசிலோட இருக்கட்டு. கரையில ஆட்டம் இல்ல, கடல்ல மீன்பிடி இல்ல, ஆட்டந்தான் கடலுக்குப் போவுது. எந்தச் சத்தியத்துக்கு என்ன கேடு?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பங்குச் சாமியார் யோசித்து, சத்தியத்தில் ஓட்டை இல்லை, ஆனால் கதவு இருக்கிறது என்றார். கித்தேரியான், கோலை நகர்த்தினால் தாழைத்தீவு ஒத்துக்கொள்ளாது என்றார். றெக்சன் எழுந்தான். "பந்து நான் அடிச்சது. அது போற இடத்துக்கு நானும் வாறன். எங்கட பெடியளுக்கு அந்தப் பக்கத்து ஒழுக்கு தெரியும்." எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். ஹுசைன் தீதி விசிலைக் கையில் உருட்டினார். அவரும் தீவுக்காரர்தானே, அவருக்கும் கடலில் போனவர்கள் உண்டு. "கோல் எங்க, கீப்பர் அங்க," என்றார் மெதுவாக. "ஆனா கோல் நல்லா கெட்டணும். ஆடிட்டா சம்மதிக்கில்ல."

"நான் ஒத்துக்கல்ல," என்று கித்தேரியான் வாயைத் திறக்கவும், ரெமிஜியுஸ் கோலுக்குள்ளிருந்து சொன்னான்: "அண்ணே, கம்பத்தைப் பிடுங்குங்க. இல்லன்னா இப்பவே இறங்கிருவேன்." அவன் கால் கோட்டின் மேல் இருந்தது. இந்தத் தடவை அது திரும்பிப் போகிற கால் இல்லை என்று டெல்பினுக்குத் தெரிந்தது.

அப்படித்தான் ஒரு கம்பத்தை இரட்டைமணல்காரர்களும் மறு கம்பத்தைத் தாழைத்தீவுக்காரர்களும் தோளில் தூக்க, இரண்டுக்கும் நடுவில் ரெமிஜியுஸ் கல்யாண மாப்பிள்ளை போலத் தலைகுனிந்து நடக்க, முன்னால் நடுவர், பின்னால் வலையைத் தரையில் உரசாமல் பிடித்துக்கொண்டு பெண்கள் என்று, கோல் தெருத் தெருவாகப் போய்க் கடற்கரைக்கு இறங்கியது. மேலே பந்தும் கூடவே நகர்ந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை, ஆட்டம் போகிற இடத்துக்குப் பந்து வராமல் வேறு எங்கே போகும்? பெண்கள் வள்ளத்தில் ஏறக் கூடாதே என்று ஒரு கிழவர் முனகினார். "நான் வள்ளத்தில ஏறல்ல, ஆட்டம் பாக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு டெல்பின் தண்ணீர்க் குடத்தோடு ஏறிக்கொண்டாள்.

கரை மறைந்தது. காற்று திரும்பியது. கட்டிய வள்ளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முனகின, ஒவ்வோர் அலைக்கும் கோல் கம்பம் சாய்ந்து நிமிர்ந்தது, ஒவ்வொரு சாய்வுக்கும் டெல்பின் தண்ணீர்க் குடத்தை இறுக்கிப் பிடித்தாள். தாழைத்தீவுப் பையன்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வழி சொன்னார்கள், வழி மறந்த இடத்தில் மேலே பார்த்தார்கள். பந்து இப்போது வள்ளத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மழை வந்தது, போனது. எரியெண்ணெய் பாதிக்குக் கீழே இறங்கியது. இதற்கு மேல் போனால் திரும்ப முடியாது என்று எஞ்சின் பிடித்தவன் சொன்னான். எல்லோரும் டெல்பினைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள்.

அப்போது பந்து சுற்றியபடியே இறங்கத் தொடங்கியது.

அதற்கு நேர் கீழே, அலையின் பள்ளத்தில், மஞ்சள் மூக்கு.

"அலோசீ!" என்று டெல்பின் கத்தினாள். கிட்ட நெருங்கியதும், அந்த வள்ளத்துக்குள் கிழிந்த தார்ப்பாயின் அடியிலிருந்து ஒரு தலை எழுந்தது, உதடு வெடித்து, முகம் கருகி. அவன் அக்காளைப் பார்க்கவில்லை. வானத்திலிருந்து உருண்டையாக ஏதோ இறங்குவதைப் பார்த்தான். கடவுள் இளநீர் போடுகிறார் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னான். அதோடு பிறந்ததிலிருந்து கோல்காரன் வேறு, மேலேயிருந்து வருவதைக் கண்டால் கை தானாக எழும். தள்ளாடி எழுந்து, வள்ளத்தின் விளிம்பில் கால் வைத்து, இரண்டு கையையும் நீட்டி எம்பினான்.

கால் வழுக்கியது. தன் வள்ளத்துக்கும் கோல் நின்ற வள்ளங்களுக்கும் இடையில் தண்ணீருக்குள் போனான்.

பந்து அவன் தலைக்கு மேலாகத் தவழ்ந்து கோலை நோக்கி வந்தது. இத்தனை நாள் ஊரே கழுத்து வலிக்கக் காத்திருந்த பந்து, ஒரு குழந்தைகூடப் பிடித்துவிடக்கூடிய வேகத்தில், ரெமிஜியுஸின் நெஞ்சுக்கு நேராக வந்தது. அலை வள்ளங்களை ஒன்றோடொன்று மோதவைக்கத் தூக்கிக்கொண்டிருந்தது. ரெமிஜியுஸ் இடப்பக்கம் பாய்ந்தான். அவன் வாழ்க்கையிலேயே அப்படிப் பாய்ந்ததில்லை. பலகையின் விளிம்பில் நெஞ்சு அடிபட விழுந்து, தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டு, துழாவி, ஒரு மணிக்கட்டைப் பிடித்தான்.

பந்து பலகையில் ஒரு தடவை குதித்தது. உருண்டது. வலையில் போய்ப் படுத்துக்கொண்டது. சுற்றுவதை நிறுத்தியது.

"கோல்," என்றான் றெக்சன், மன்னிப்புக் கேட்கிறவன் போல. அதற்குள் அவனும் ஓடிப்போய் மறு கையைப் பிடித்துவிட்டிருந்தான். வள்ளங்கள் மோதுவதற்கு முன் அலோசியுஸைப் பலகைமேல் இழுத்துப் போட்டார்கள். ஹுசைன் தீதி விசிலை வாயில் வைத்தார், அழுகையில் முதலில் காற்றுதான் வந்தது, பிறகு ஊதினார். அந்த விசில் கரைவரை கேட்டது என்று இரட்டைமணலில் இன்றும் சத்தியம் செய்வார்கள். கேட்டதும் கித்தேரியான் நொண்டிக்கொண்டே ஓடி முதல் வள்ளத்தைத் தானே தள்ளினாராம், மீன் பிடிக்க அல்ல, எரியெண்ணெய் கொண்டுவர. கோப்பையைப் பற்றி அவர் மறுநாள்தான் கேட்டார்.

டெல்பின் தம்பியின் தலையை மடியில் வைத்து, குடத்துத் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு உதட்டில் விட்டாள். அழுகை இப்போதுதான் வந்தது, அதற்காக விரல் நிற்கவில்லை. ரெமிஜியுஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கோலை விட்டு நகரலாம் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. அலோசியுஸ் கண்ணைத் திறந்து, வலைக்குள் கிடக்கும் பந்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"மச்சான்," என்றான், காற்றுப் போன குரலில். "பந்தைப் பிடிச்சீரா?"

"இல்லலே."

அலோசியுஸ் சிரிக்கவில்லை. மச்சானின் ஈரக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல வேளை," என்றான். "எனக்குக் கடலைக் குடிக்கப் பெலம் இல்ல."